இடைவேளையில் ஒரு வாய்மொழித் தேர்வு

சுண்டுவின் வகுப்பறை, நாடக அரங்கின் உடை அறைதான். அங்கே அவள் அம்மா தையல்காரி. ஒரு பக்கம் ராஜா உடைகளும் சிப்பாய் உடைகளும் நெருக்கியடித்துத் தொங்க, இஸ்திரி மேஜையின் ஓரத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அவள் இணையவழியில் பத்தாம் வகுப்பு படித்தாள். நாடகக் குழுவில் நடிக்கச் சேர்ந்தபோது எல்லோரையும்விடக் குள்ளமாக இருந்ததால் வந்த பெயர் அது. இப்போது பதினைந்து வயதில் அம்மாவின் தோளைத் தாண்டிவிட்டாள். பெயர் மட்டும் வளரவில்லை.

நாடகம் சக்கைப்போடு போட்டது. வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். முதல் பாதியில் அவள் சிறுமி. இரண்டாம் பாதியில் அதே பெண் கிழவியாகித் திரும்பி வருவாள்; அந்த வேடமும் அவளுக்கே. இதற்கு நடுவே பாடம் என்றால்? கேமராவை அணைத்துவிட்டு ‘உள்ளேன் சார்’ என்று தட்டிவிட்டு, வசனம் பார்க்க நழுவிவிடுவாள். பதிவான வகுப்புகளைப் பார்த்ததாகப் பேர் பண்ணுவாள்.

இயற்பியல் வாத்தியாரிடம் மட்டும் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. வாய்மொழித் தேர்வை முகம் பார்த்துத்தான் வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். இருவருக்கும் ஒழிந்த ஒரே நேரம், புதன்கிழமை மதியக் காட்சியின் இருபது நிமிட இடைவேளை.

கேமராவைத் திறந்ததும் வாத்தியார் எழுந்து நிற்காத குறையாகக் கும்பிட்டார். “வணக்கம்மா. பேத்தியக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?”

“நான்தான் சார்” என்றாள், நரைமுடி டோப்பாவைத் தள்ளிக் காட்டி.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “சரி, பாட்டியவே கேக்கிறேன்.”

முதல் இரண்டு கேள்விகளுக்குத் திருதிருவென்று விழித்தாள். மூன்றாவதாக, “ஒல்லியா ஒருத்தர், குண்டா ஒருத்தர். ஒரே நீளக் கயித்துல ரெண்டு ஊஞ்சல். சேந்து ஆட ஆரம்பிச்சா யாரு முதல்ல திரும்பி வருவாங்க?” என்றார்.

“ஒண்ணாத்தான் சார் வருவோம்.”

“வருவோமா?”

“அப்பாவா நடிக்கிறவரும் நானும் மேடையில தினம் ஆடுறோம். அவர் எனக்கு ரெண்டு மடங்கு. பாட்டு முடியிற வரைக்கும் சேந்தேதான் போவோம். செட் போடுறவர் ஏதோ வித்தை பண்றார்னு நெனச்சிருந்தேன்.”

“வித்தை இல்ல. ஏன்னு யோசி.”

யோசித்தாள். “கனமா இருந்தா பூமி பலமா இழுக்குது. ஆனா கனமானத நகத்துறதும் அவ்வளவு கஷ்டம். சரிக்குச் சரியாப் போயிடுது... அப்படியா சார்?”

“அப்படியேதான்.”

அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் அவள்தான். கயிறு நீண்டால்? பாதிக் கயிறானால்? அளவு நாடாவில் கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டினாள். வாத்தியார் அங்கிருந்து எண்ணினார். அவர் விடைபெற்றதும் திரும்பிப் பார்த்தால், மேடையில் பேசுவதைக் கேட்கவைக்கும் சுவர் ஒலிபெருக்கியில் அவளுடைய வசனம் வேறொரு பெண்ணின் குரலில் கேட்டுக்கொண்டிருந்தது.

சட்டென்று எழுந்தாள். “மணி அடிக்கவே இல்லையாம்மா?”

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அடிச்சுது. வாசல்ல வந்தும் கூப்பிட்டாங்க. நான்தான் மாத்து நடிகைக்கு உடையப் போட்டு அனுப்பினேன்.”

“ஏன்?”

“பாடம்னாலே உனக்கு மூஞ்சி தொங்கிப் போயிடும். இன்னைக்குத் தொங்கல. எழுப்ப மனசு வரல.”

“மேடையும் எனக்குப் பிடிக்கும்மா. எது போகணும்னு நீ முடிவு பண்ணாத.”

செய்தது தப்பு என்று அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அது முகத்திலேயே தெரிந்தது.

காட்சி முடிந்ததும் இயக்குநர் வந்தார். அம்மா வாய் திறப்பதற்குள் சுண்டு முந்திக்கொண்டாள். “மணி அடிச்சது எனக்குக் கேக்கல சார். பாடத்துல இருந்தேன். ரெண்டையும் பாதிப் பாதியா பண்ணிட்டிருக்கேன். வாரநாள் மதியக் காட்சிய இன்னைக்குப் பண்ணின அக்காவே பண்ணட்டும்.”

“குடுத்துட்டா திருப்பிக் கேக்கக்கூடாது” என்றார் அவர்.

அதைச் சொன்னபோது அவர் கோபமாக இல்லை. அதுதான் அவளுக்குக் கூடுதலாக உறைத்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம், ஒப்பனை எதுவும் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்தாள். ஒலிபெருக்கியில் ஊஞ்சல் பாட்டு ஒலித்தது. இரண்டாவது அடிக்கு முன்னால் அந்தப் பெண் ஒரு மூச்சு நேரம் நிறுத்தினாள். சுண்டு ஒருநாளும் அங்கே நிறுத்தியதில்லை. நிறுத்தியதுதான் நன்றாக இருந்தது. கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை.

அம்மா எழுந்து ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்கப் போனாள்.

“இருக்கட்டும்மா” என்றாள் சுண்டு. பிறகு ஒலிவாங்கியைத் திறந்தாள். “சார், கடைசியா சொன்னது காதுல விழல. இன்னொரு தடவ சொல்றீங்களா?”