மிஷின்காரியின் ஆடிஷன்

போன தடவை நான் அனுப்பிய ஆடிஷன் வீடியோவுக்கு ஒரே வரியில் பதில் வந்தது: "முகம் தெரியவில்லை, கத்துகிறீர்கள்." இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் விடுவதாக இல்லை. அதே இயக்குநர் இன்னொரு படத்துக்கு ஆள் கேட்டிருந்தார். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

இந்த முறை ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டி நின்றேன். சுவரில் இருந்த காலண்டரையும் சாமி படத்தையும் கழற்றிவிட்டு, வெள்ளை பனியன் துணியை இழுத்துக் கட்டினேன். செல்போனை மாவு டப்பாமேல் அகலவாக்கில் நிறுத்தினேன். ஃபேனையும் அணைத்தாயிற்று.

புகுந்த வீட்டை விட்டுக் கிளம்புகிற பெண் வேஷம் எனக்கு. "திரும்பி வருவியா?" என்று கேட்கிற நாத்தனாருக்கு நூர்ஜான் அக்காவைப் பிடித்துவந்தேன். பனியன் கம்பெனியில் ஆறு வருஷமாக எனக்கு அடுத்த ஓவர்லாக் தையல் மிஷின் அவருடையது.

செல்போனை ஒட்டி நின்று அக்கா கேட்ட கேள்வி தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். நானும் அதே சத்தத்தில் பதில் சொன்னேன். போட்டுப் பார்த்தால், குழாயடியில் சண்டை நடப்பது மாதிரி இருந்தது.

"அக்கா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"மிஷினுக்கு நடுவுல கத்திக் கத்திப் பழகின தொண்டை, அபிராமி. மெதுவா வரமாட்டேங்குது."

மூன்று முறை எடுத்தோம், மூன்றும் குப்பை. மணி நாலரை. கோபம் கோபமாக வந்தது, பாதி என்மேலேயே. அப்போதுதான் உறைத்தது. மிஷின் ஓடும்போது சூப்பர்வைசரிடம்தான் கத்துவோம். அவரைப் பற்றி எங்களுக்குள் பேச, சத்தமில்லாத உதட்டசைவே போதும்.

"சத்தமே வேண்டாங்க அக்கா. மிஷின்ல பேசற மாதிரி உதட்டை மட்டும் அசைங்க."

அக்கா செல்போனுக்குப் பின்னால் தள்ளி நின்றார். உதடு அசைந்தது. எழுதிக் கொடுத்த கேள்வி அதுவல்ல.

'சான்ஸ் கிடைச்சுட்டா, மறுபடியும் என் பக்கத்து மிஷினுக்கு வருவியா?'

ஆறு வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் எனக்கு எழுதியிருந்த வசனம் ஒன்றுதான்.

"பொய் சொல்ல மாட்டேன். வரமாட்டேன்."

என் குரல்தானா என்று இருந்தது, அவ்வளவு மெதுவாக வந்தது. அக்கா முகத்திலிருந்து பார்வையை நான் எடுக்கவில்லை.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடியோவை நிறுத்தினார்.

"இதையே அனுப்பு புள்ள."

"இன்னொண்ணு எடுத்துக்கலாங்க அக்கா."

"எதுக்கு? நெசத்தைத்தானே சொன்ன."

மணி நாலு ஐம்பத்தைந்து. அனுப்பிவிட்டேன்.