நெட்டையன் கால் அளவு

நெட்டையன் பெண்டாட்டியின் தட்டைப்பயறு வயலில் எதுவும் வீணாகாது, கண்ணுகளா. பாத்திரம் கழுவிய தண்ணீர் செடிக்குப் போகும். அடுப்புச் சாம்பல் விதைப்பயறில் கலந்து வண்டை விரட்டும். காய்த்தோல் ஆட்டுக்கு, ஆட்டுப் புழுக்கை திரும்ப மண்ணுக்கு. அப்படிப்பட்ட கெட்டிக்காரி, வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் மட்டும் வெயில் படுத்துப் புரளுகிற அளவுக்கு இடம் விட்டிருந்தாள்.

கிணற்றுத் தண்ணீர் அடிமண்ணைத் தொட்ட வருஷம் அது. பயிர் பார்க்க வந்த ஆபீசரம்மா, வரிசையை நெருக்கினால் இலை கூடி மண்ணை மூடும், களை எழும்பாது, இதே தண்ணீரில் காய் கூடும் என்றாள். இல்லாவிட்டால் அடுத்த முறை விதைக்குக்கூட மிஞ்சாதாம். இத்தனை இடைவெளி எதற்கு என்றும் கேட்டாள். பக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்த நாத்தனார்தான் நிமிர்ந்தாள்.

"எங்கண்ணன் நடக்கணும்ல. அவருக்குக் காலா இருக்கு? ரெண்டு படகு."

ஆபீசரம்மா சிரித்தாள். நெட்டையன் பெண்டாட்டியும் சிரித்து வைத்தாள்.

கல்யாணமான புதிதில் நெட்டையன் களையெடுக்க இறங்கி, வைத்த அடிக்கெல்லாம் ஒரு செடியை மிதித்துவிட்டுத் திருதிருவென்று விழித்தான். அன்றே அவன் காலுக்குத் தோதாக ஒரு குச்சி வெட்டினாள். அதை வைத்துத்தான் வரிசை போட்டார்கள். பிறகு அவன் கப்பல் வேலைக்குப் போனான். முதலில் அடிக்கடி போன் வந்தது, அப்புறம் எப்போதாவது, அப்புறம் மணியே அடிக்கவில்லை. குச்சி மட்டும் ஒவ்வொரு விதைப்புக்கும் கூரையிலிருந்து இறங்கியது.

இந்த முறை விதைக்கிற காலையில் குச்சியையும் அரிவாளையும் மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தே இருந்தாள். வெயில் ஏறியது. நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று கேலி இல்லை.

"வெட்டு அண்ணி. அண்ணன் வந்தா வரப்புல நடக்கச் சொல்லிக்கலாம்."

"வரப்புல நடக்கிறது விருந்தாளி," என்றாள் இவள்.

ஆனாலும் குச்சியை வெட்டிக் குட்டையாக்கினாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. வெட்டுவதற்கு முன்னால், வேலிக் கதவிலிருந்து கிணறு வரைக்கும் ஒரே ஒரு வழியைப் பழைய அளவில் கோடு கிழித்துக்கொண்டாள். மற்றதெல்லாம் நெருக்கம்தான்.

பயறு நன்றாக வந்தது. ஆபீசரம்மா சொன்னபடியே மண் தெரியாமல் மூடிக்கொண்டது. களை வேலை பாதியாகக் குறைந்தது. ஆனால் கொடி ஓடுகிற பயறு, காலி இடத்தைப் பார்த்தால் சும்மா இருக்குமா? இரண்டு பக்கமும் அந்த ஒற்றை வழிக்குள் கையை நீட்டியது. விடிந்ததும் இவள் போய்க் குனிந்து, கொடி கொடியாக எடுத்து அதனதன் பக்கம் திருப்பி விடுவாள்.

காய் பறிக்கிற சமயத்தில் வந்த ஆபீசரம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்த ஒரு வழிக்கா இத்தன வேலை? விட்டுடலாமேம்மா."

"விட்டா மூடிக்கும்மா," என்று சொல்லிவிட்டு இவள் அடுத்த கொடிக்கு நகர்ந்தாள்.

எதிர்ப்பக்கத்துக் கொடிகளை நாத்தனார் திருப்பிக்கொண்டிருந்தாள்.