வாத்தின் கண்

1

இந்தக் கதை ஒரு பசைக் குழாயிலிருந்து பிறந்தது. முதலில் எழுதிய தொடக்கம்: 'பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனி விலகிய அமெரிக்க இல்லினாய்ச் சமவெளியில் ஒரு வேட்டைக்காரன்…' அடித்துவிட்டேன். அவனை எனக்குத் தெரியாது. நோரீனைத் தெரியும்.

2

எங்கள் மாவட்ட அருங்காட்சியகத்தில் வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை, 'உங்கள் கல்லைக் கொண்டுவாருங்கள்' நாள். சோளக் கொல்லையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வருவார்கள். "இது வெறும் கல்" என்று சொல்வதுதான் பெரும்பாலும் என் வேலை. (அதற்குப் பட்டம் வாங்கியிருக்கிறேன்.)

நோரீன் கொண்டுவந்தது ஒரு மரச்சட்டம். அதற்குள், அவர் கணவர் விர்ஜில் தன் நிலத்தில் பொறுக்கிய கல் அம்புமுனைகளைப் பலகையில் ஒட்டிச் செய்த காட்டுவாத்து. அதன் கண் மட்டும் பெயர்ந்து நோரீனின் உள்ளங்கையில் இருந்தது.

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். இத்தனை நாள் பலகையோடு ஒட்டியிருந்த பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம். இப்படிப் பள்ளம் செதுக்கியது பனிக்கால வேட்டைக்காரர்கள்தான்; இது அவர்களின் ஈட்டிமுனை. எங்கள் மாவட்டத்தில் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

"நோரீன் அம்மா, இது என்னன்னு தெரியுமா?"

"வாத்தோட கண்ணு."

"இதை இங்க வச்சா பள்ளிக்கூடப் பிள்ளைங்க எல்லாம் பாக்கும். திரும்ப ஒட்டிட்டா இந்தப் பக்கத்தை யாருமே பாக்க முடியாது."

"அதைக் கேக்கவா வந்தேன்? பசை இருக்கா?"

"பசையெல்லாம் இங்க இல்லம்மா."

அவர் என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். 'கண்டெடுத்ததை எதன்மேலும் ஒட்டாதீர்கள்' என்ற சுவரொட்டி. எழுதியதும் ஒட்டியதும் நான்.

"அப்போ அதை எச்சில் தொட்டா ஒட்டின?"

3

(இங்கே நோரீனை வெறும் பிடிவாதக்காரியாக எழுதப் பார்த்தேன். எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது இது:)

"பக்கவாதம் வந்ததுலேருந்து அவரு என்கிட்ட பேசறதில்ல தம்பி. வாத்துகிட்டதான் பேசுவாரு. இது பேந்துபோனதுலேருந்து அதுகிட்டயும் இல்ல."

4

முடிவு அ: பிரதி ஒன்று செய்து ஒட்டினோம். எல்லோருக்கும் மகிழ்ச்சி. [நீங்களும் இதைத்தான் நினைத்தீர்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். "தினமும் விரலால தடவுவாரு. பொறுக்கினவருக்குத் தெரியாதா?" என்றார்.]

முடிவு ஆ: படமும் அளவும் எடுத்துக்கொண்டு ஒட்டிக் கொடுத்தேன். பிள்ளைகளுக்குப் படம் போதும் என்று… போதாது. எனக்கே போதாது.

முடிவு இ: நோரீன் மனம் மாறி…

5

இழுப்பறையிலிருந்து பசையை எடுத்து மூடியைத் திறந்துவிட்டேன். கண் என் இடது கையில். நோரீன் சட்டத்தை அசையாமல் பிடித்திருக்கிறார். வரிசையில் அடுத்தவர், கையில் வெறும் கல்லோடு, இருமுகிறார்.

எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை. குழாயை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம், அதன் வாய் காய்ந்துகொண்டிருக்கிறது.