என் மகன் செய்த ஓரவஞ்சனை

இணையத்தில் எல்லோருக்கும் ஒரே வேகம் கிடைக்க வேண்டும், காசுக்காரனுக்கு ராஜபாட்டை, மற்றவனுக்கு ஒற்றையடிப் பாதை என்று கம்பெனிகள் பிரிக்கக் கூடாது. என் மருமகளின் ஆராய்ச்சி இதுதான். சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு எனக்கே பாதிப் பட்டம் கொடுக்கலாம்.

அன்று அவளுக்கு வாய்மொழித் தேர்வு. பேராசிரியர்கள் கணினித் திரையில் வந்து கேள்வி கேட்பார்கள், தேறினால் டாக்டர். பயத்தில் அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. நான் அடுத்த அறையில் தங்கையோடு வீடியோவில் பேச உட்கார்ந்தேன். ஒரே நிமிடத்தில் தங்கை திரையில் வாய் திறந்தபடி உறைந்து நின்றாள். அவள் வாய் ஓய்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நெட்டுக்கு என்னடா ஆச்சு?" என்று மகனைக் கேட்டேன்.

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா" என்று திருட்டு முழி முழித்தான்.

மருமகளின் அறையிலிருந்து ஒரு பெண் பேராசிரியரின் குரல் வந்தது. "கம்பெனி ரகசியமா ஒருத்தருக்கு மட்டும் வேகத்தைக் கூட்டினா, ஜனங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"அதுக்குத்தான் மேடம் நான் உருவாக்கின இந்த வேகச் சோதனை. எங்க வீட்டுலயே காட்டுறேன்" என்று மருமகள் ஓடி வந்து என் டேப்லட்டை வாங்கிப்போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

திரையில் சமமாக நிற்க வேண்டிய வேகக் கோடுகளில் அவள் கணினியின் கோடு கூரையைத் தொட்டது. என் கோடு தரையில் கிடந்தது.

"சோதனை தப்பா?" என்றார் பேராசிரியர்.

மருமகளின் முகம் வெளுத்துவிட்டது. அவள் திரும்பி, வாசலில் நின்ற என் மகனைப் பார்த்தாள். அதே முழி.

"சோதனை சரிதான் மேடம். ரூட்டர்ல ஒருத்தர் கை வெச்சிருக்காரு."

"யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"நடுவுல உனக்குக் கட் ஆகக் கூடாதேன்னுதான்..." என்று இழுத்தான் அவன்.

பேராசிரியர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை.

"அத்தைக்கும் எனக்கும் ஒரே வேகம் வைங்க. இப்பவே."

"உன் படம் நின்னுடும்மா."

"நிக்கட்டும்."

மாற்றினான். கோடுகள் தோளோடு தோள் நின்றன. பெற்ற பிள்ளை பெண்டாட்டி பக்கம் சாய்ந்தான். வந்த பெண் எனக்காக நியாயம் கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டேப்லட்டோடு என் அறைக்கு வந்தேன். தங்கையை அழைக்கவில்லை. அதை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அந்த மடையன் முதலிலேயே கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா?

கடைசியில் மருமகள் கத்திக்கொண்டே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். டாக்டராகிவிட்டாள். பிறகு சந்தேகமாகப் பார்த்தாள்.

"அத்தை, என் படம் ஒரு தடவைகூட நிக்கலையே. நீங்க சித்திகிட்ட பேசலையா?"

"பேசாம என்ன? மூச்சு விடாம பேசினேன்."

"அப்படியா? டேப்லட்டைக் கொடுங்க, ஒரு சோதனை போட்டுப் பாத்துடுவோம்" என்றாள் டாக்டர்.