விந்தைத் துகள்கள் இரண்டு

மறுநாள் இயற்பியல் வாய்மொழித் தேர்வு. வியாசர்பாடி வீட்டில் மகிழினி அம்மாவை உட்காரவைத்து, அணுவைவிடச் சிறிய விந்தைத் துகள்களைப் பற்றிப் பேசிப் பார்த்தாள்.

“வந்த வேகத்துல செதைஞ்சு போயிடணும்மா. போவாம கோடி மடங்கு நேரம் தங்கிகினு கீது. அதான் விந்தைன்னு பேரு. வரும்போதே ஜோடியாத்தான் வரும்.”

அம்மா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பொங்கலன்று டீ குடித்துவிட்டுப் போக எண்ணூரிலிருந்து தோஸ்தோடு வந்த அவள் தம்பி பாரி, ஆடி பிறந்தும் ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தார். பக்கத்திலேயே தோஸ்து.

“அத்த எப்டிடி வெளிய அனுப்புறது?”

“அனுப்பவே வேணாம்மா. தானா செதைஞ்சிடும்.”

பாரி மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “கேட்டுக்கினியாக்கா? படிச்ச புள்ள சொல்லுது, தானா போவுமாம். அதுவரைக்கும் ரெண்டு டீ போடு.”