ரெண்டுங்கெட்டான் கத்தி

ஜப்பானிலிருந்து வந்த அந்தக் கத்திக்கு ஹோட்டல் சமையலறையில் வைத்த பெயர் ரெண்டுங்கெட்டான். முன்பாதி மீன் அறுக்கும் கத்தியைப் போல ஒடுங்கிக் கூர்மையாக இருக்கும். பின்பாதி காய் நறுக்கும் கத்தியைப் போல அகன்று தட்டையாக இருக்கும். இரண்டையும் கலந்து ஒன்றாக அடித்த கத்தி. அங்கே தலைமைச் சமையல்காரரான மாஸ்டர் சொல்லிவைத்து, எட்டு மாதம் காத்திருந்து வாங்கினார். வந்த நாளிலிருந்து வேறு யாரையும் அதைத் தொட விட்டதில்லை. பெண்டாட்டியை ஒரு மாதம் அம்மா வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவார், கத்தியை ஒரு மணி நேரம் இரவல் தரமாட்டார் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பேசுவார்கள். பெண்டாட்டி காதுக்கும் அது வந்தது. அவளும் சிரித்துக்கொள்வாள்.

சிரிப்பெல்லாம் ஏழு மாதத்துக்கு முன்னால். அடுப்புக்கு முன்னால் நின்றவர் நின்ற வாக்கிலேயே சரிந்தார். பக்கவாதம். கால் தேறியது, பேச்சும் தேறியது, வலது கை மட்டும் தோளிலிருந்து தொங்கியது. வரும் என்றும் சொல்லாமல் வராது என்றும் சொல்லாமல் டாக்டர் "பார்க்கலாம்" என்றார். இந்த டாக்டர்களின் பார்க்கலாமைப் போல ஆளை அரைகுறையாகக் கொல்லும் சொல் வேறு கிடையாது. ஆனால் மாஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்தார். ஹோட்டல் முதலாளியும் நல்ல மனிதர். தற்காலிகமாக ஒருவரை வைத்துச் சமாளித்துக்கொண்டு, கை சரியானதும் வா என்று அவர் இடத்தை அப்படியே வைத்திருந்தார்.

தினமும் காலையில் பெண்டாட்டி வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கத்தியையும் பலகையையும் மேசையில் எடுத்து வைக்க வேண்டும். கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பெண் பலகையில் இரண்டு ஆணி அடித்துத் தந்திருந்தாள்; காயை அதில் குத்தி நிறுத்திவிட்டால் வெட்ட ஒரு கை போதும். மாஸ்டர் முதலில் வலது கையைத் தூக்கி மேசைமேல் வைப்பார். அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கைப்பிடியைச் சுற்றி மடக்குவார். கத்தி நழுவும். மறுபடியும் மடக்குவார். வேர்த்துக் கொட்டும். அப்புறம்தான் வேண்டாவெறுப்பாக இடது கைக்கு மாறுவார்.

அங்கே வேறு வம்பு. அந்தக் கத்தி வலக்கைக்காரர்களுக்கென்று ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டியது. இடது கையில் பிடித்தால் நேராக இறங்காமல் ஒரு பக்கமாக ஓடும். கேரட் வில்லைகள் மேலே தடியாகவும் கீழே காகிதமாகவும் விழும். முப்பது வருஷம் பேசிக்கொண்டே நறுக்கிய மனிதர் அவற்றைப் பார்த்துவிட்டுப் பலகையைத் தள்ளிவிடுவார். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வேறு கத்தி தரட்டுமா என்று ஒரு நாள் கேட்டு அவள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அவள் தையல் கூடத்தில் துணி வெட்டுகிறவள். எதிர் மேசையில் இருப்பவளுக்கு இடது கைப் பழக்கம். கூடமே அவளை நொட்டாங்கை அக்கா என்றுதான் கூப்பிடும். ஒரு நாள் அவசரத்துக்கு அக்காவின் கத்தரிக்கோலை எடுத்து வெட்டினாள். துணி அறுபடாமல் மடிந்து மாட்டிக்கொண்டது.

"அது என் கைக்குன்னு செஞ்சதுடி. உன் கத்திரி எனக்கு இப்படித்தான் கடிக்கும். அதுக்குக் கைய குத்தம் சொல்ல முடியுமா?" என்றாள் அக்கா.

அவளுக்குப் பொறி தட்டியது. இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

கத்தி மழுங்கிவிட்டது, தீட்டிக்கொண்டு வருகிறேன் என்றபோது மாஸ்டர் முகம் சுளித்தார். எப்போதும் அவரே கல்லில் தீட்டுவார். அதற்கும் இரண்டு கை வேண்டும். கூர் மட்டும் போட்டால் போதும் என்று நாலு தடவை சொல்லித் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

சாணைக்காரர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்டும் உருக்குத் தகடு நடுவில் இருப்பதால் சரிவை மறுபக்கத்துக்கு மாற்றலாம், ஆனால் நிறைய தேய்க்க வேண்டும், தேய்ந்தது தேய்ந்ததுதான் என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார். "மறுபடி வலது கைக்கு ஆகாதும்மா. அவருகிட்ட கேட்டீங்களா?"

"அவருதான் சொல்லி அனுப்பினாரு" என்றாள் அவள். நாக்கு கொஞ்சமும் தடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, விடுமுறை நாள் காலையில், கத்தியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மாஸ்டர் வழக்கம்போல வலது கையோடு போராடி, தோற்று, இடது கைக்கு மாறினார். கேரட்டின் மேல் கத்தி இறங்கியது. நேராக இறங்கியது. ஒரு வில்லை, இரண்டு, பத்து. எல்லாம் ஒரே தடிமன். அவர் முகம் வெளுத்துச் சிவந்தது. ஏழு மாதத்தில் அவருடைய கையிலிருந்து அந்தச் சீரான சத்தத்தை அவள் கேட்டதில்லை.

பாதிக் கேரட்டில் சத்தம் நின்றது. மாஸ்டர் கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவிப் பார்த்தார். யார் செய்யச் சொன்னது என்று கேட்டார். நான்தான் என்றாள். திரும்ப மாற்றலாமா என்று கேட்டார். முடியாதாம் என்றாள்.

"டாக்டர் கூட இன்னும் சொல்லல. நீ சொல்லிட்ட" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குப் பதில் இருந்திருக்கும். அப்படியெல்லாம் நினைக்கவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். நினைத்திருந்தாள். நினைத்ததால்தான் அவரிடம் கேட்கவில்லை.

மாஸ்டர் மறுபடி வெட்ட ஆரம்பித்தார். வெட்டிக்கொண்டே, ஹோட்டலுக்குப் போன் போட்டு, அவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல் என்றார். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே என்றாள். வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன.

அவள் போன் போட்டாள். முதலாளி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை மாசத்துக்கு ஆள் போடணும்னு கேக்குறாருங்க."

மாஸ்டர் நிமிரவில்லை.

"நீயே சொல்லு."