ரத்தமில்லாத படம்

வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில், கன்னியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு தெரியும் என்பதும் தெரியும். பதினோரு வார்த்தை. பதினொன்றும் உடம்பை நாசம் பண்ணுகிற வார்த்தைகள்.

ஒரகடத்தில் கார் கதவுக்குத் தகடு அடிக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. அங்கே தகட்டை மெஷினில் அழுத்தி வளைக்கிற பிரஸ் ஷாப் வாசலில் ஒரு மஞ்சள் போர்டு. அதில் பதினோரு கைப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஆங்கில வார்த்தை. கட் என்றால் வெட்டு. ஸ்க்ராட்ச் என்றால் கீறல். டேர் என்றால் கிழிந்து தொங்குவது. செவர் என்றால் துண்டாகவே போய்விடுவது. மற்றவர்கள் அந்தப் போர்டுக்குக் கீழே செருப்பை விட்டு ஷூ மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். கன்னியம்மா மட்டும் தினம் இரண்டு நிமிடம் நின்று படிப்பாள். பத்தாவதில் ஆங்கிலத்தில் கோட்டை விட்டதற்கு இப்போது பழி தீர்க்கிறாள் என்று, இரண்டு வீடு தள்ளி இட்லிக் கடை போட்டிருக்கும் பாப்பம்மாள் சொல்வதுண்டு.

போன வருடம் வெளிநாட்டிலிருந்து பாதுகாப்பு ஆடிட்டுக்கு வந்தவர்கள் அந்தப் போர்டைக் காட்டி விளக்கம் கேட்டபோது, டை கட்டிய இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். கன்னியம்மாதான் முன்னால் வந்து பதினொன்றையும் வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றையும் தன் கையிலேயே நடித்தும் காட்டினாள். செவருக்கு அவள் விரலை மடக்கி மறைத்ததில் வந்திருந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி திடுக்கிட்டுப் போனாளாம். அன்றைக்கே பச்சைக் கைப்பட்டையும், பிரஸ் லைனின் சேஃப்டி மெம்பர் பதவியும் கிடைத்தன. அந்தப் பட்டையை அவள் இஸ்திரி போட்டு வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக்கூட அதைக் கட்டிக்கொண்டு போகிறாள் என்று பேச்சு. அது மிகை. ஒரே ஒரு தடவைதான் போனாள்.

அதற்கப்புறம் தெருவும் தப்பவில்லை. கூடையில் நசுங்கிக் கிடக்கிற தக்காளியைப் பார்த்தால் "இது க்ரஷ்ஷு" என்பாள். கொடியில் மாட்டிக் கிழிந்த புடவை "டேரு."

"ஏண்டி, என் வாய்க்கு எந்தப் படம்டி போட்டுக்கீறாங்க?" என்று பாப்பம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"அது அறுக்கிற அறுப்புக்கு அந்தப் போர்டு பத்தாதுக்கா."

இது இப்படி இருக்க, கம்பெனி கேட்டில் இன்னொரு போர்டு உண்டு. விபத்தில்லாமல் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று எண் தகடுகளை ஆணியில் மாட்டி வைப்பார்கள். ஒரு விபத்து நடந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து. முந்நூற்று அறுபத்தைந்தைத் தொட்டால் ஆளுக்கு ஒரு ஐந்து லிட்டர் குக்கர். சேஃப்டி மெம்பரின் போட்டோவும் கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டப்படும். கன்னியம்மா ஸ்ரீபெரும்புதூர் போய் ஸ்டுடியோவில், பச்சைப் பட்டை தெரிகிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அடுப்பங்கரை அலமாரியில் குக்கருக்கு இடமும் ஒழித்து வைத்தாயிற்று. பாப்பம்மாளின் மருமகள் சசிகலாவுக்கும் அதே கம்பெனிதான் என்பதால், அந்த வீட்டிலும் பழைய குக்கருக்கு வாஷர் மாற்றுவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் புதன்கிழமை கேட்டில் முந்நூற்று அறுபத்து நான்கு தொங்கியது.

காலை பத்து மணி இருக்கும். கன்னியம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரியான மெர்சி நாலாவது மெஷினில் நின்றிருந்தாள். தகடு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது. வழக்கம்போல இடது கையால் தட்டிச் சரி செய்யப் போனாள். மேலிருந்து தகட்டை அமுக்கிப் பிடிக்கிற இரும்புப் பிடி இறங்கி மோதிர விரலைப் பிடித்துக்கொண்டது. மெஷினை நிறுத்தி, கையை எடுத்து, கிளவுஸை உருவினார்கள். விரல் கன்றிப்போயிருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

சூப்பர்வைசர் லோகேஷ் அட்டையும் பேப்பருமாக ஓடிவந்தான். என்ன காயம் என்பதை வருகிற வழியிலேயே எழுதி முடித்திருந்தான்.

"ரத்தமே வரலக்கா, வெறும் ஸ்க்ராட்ச்தான். மருந்து வெச்சிட்டு லைன்ல நிக்கட்டும். நீங்க ஒரு சைன் போட்டுருங்க."

கீறல் என்றால் முதலுதவிப் பெட்டியோடு முடிந்தது. கேட்டில் தொங்கும் எண்ணை அது தொடாது. ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, லீவு எதுவும் கிடையாது. மெர்சி அதே கையால் மறுபடி தகடு தூக்க வேண்டியதுதான்.

"சைன் போட்டுரு அக்கா," என்றாள் மெர்சியும். "என்னால எல்லார் குக்கரும் போச்சுன்னா நாளைக்கு பஸ்ல எவளும் என் பக்கத்துல குந்த மாட்டா. வலி அவ்ளோ ஒண்ணும் இல்ல." சொல்லும்போதே அவள் உதடு வெளுத்திருந்தது.

கன்னியம்மா பேனாவை வாங்கினாள். வாங்கியதும் அலமாரியில் ஒழித்து வைத்த இடம் நினைவுக்கு வரவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வந்தது. போட்டோவும் வந்தது. பேனா பேப்பருக்கு மேலே நின்றது. பழக்கத்தில் கண் மட்டும் வாசல் போர்டுக்குப் போயிற்று.

அந்தப் பதினோரு படங்களில் பெரும்பாலானவற்றில் சிவப்புச் சொட்டு உண்டு. ஸ்க்ராட்சுக்குக்கூட மூன்று சின்னப் புள்ளிகள் வைத்திருந்தார்கள். க்ரஷ் படத்திலோ ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. வரைந்தவனுக்குப் பெயின்ட் தீர்ந்துவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்திருந்தாள். பயிற்சி வகுப்பில் எழுந்து நின்று கேட்டே விட்டாள். தோல் அப்படியே இருக்கும், உள்ளே எலும்பு நொறுங்கியிருக்கும், அதில்தான் எல்லோரும் ஏமாறுவார்கள் என்று வகுப்பெடுத்தவர் சொன்னார். கேள்வி கேட்டதற்குச் சிரித்தவர்களில் லோகேஷும் ஒருவன்.

"மெர்சி, விரல மடக்கு."

மெர்சி மடக்கினாள். மற்ற விரல்கள் மடங்கின. மோதிர விரல் மட்டும் நட்டுவைத்த மாதிரி நின்றது.

"ஸ்க்ராட்ச்சுன்றது பூனை பண்றது சார்," என்றாள் கன்னியம்மா. "இது க்ரஷ்ஷு."

"யக்கா, நாளைக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு. உங்க போட்டோ ஃப்ரேம் போட்டு ஆபீஸ்ல ரெடியா கீது."

"இருந்துட்டுப் போவட்டும். மூஞ்சி நல்லாத்தான் வந்துக்கீது."

"ரத்தம் எங்கக்கா? காட்டுங்க."

"உள்ள கீது. உங்க போர்டுலயே போட்டுக்கீது, போய்ப் பாருங்க."

ஸ்க்ராட்சின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் ஐந்து ஆங்கில எழுத்துகளைப் போர்டைப் பார்க்காமலே எழுதினாள். அப்படிப் பார்க்காமல் எழுதியதில் அவளுக்குத் தனி கர்வம். கீழே தமிழில் கையெழுத்து.

அன்று சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் சேதி தெருவுக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

"வாடி இங்கிலீஷ்காரி," என்றாள் பாப்பம்மாள். "ஊரு குக்கரு மொத்தத்தையும் க்ரஷ் பண்ட்டு வந்துட்டியா?"

கன்னியம்மா நேராக வீட்டுக்குள் போனாள். ஒழித்த இடத்தில் மசாலா டப்பாக்களை எடுத்து அடுக்கினாள். கொஞ்சம் சத்தமாகவே அடுக்கினாள் என்று கேள்வி.

அரைமணி கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து மெர்சி ஆட்டோவில் வந்து இறங்கினாள். விரலில் கட்டு, கையில் பெரிய உறை. எக்ஸ்ரே படம் டியூப்லைட்டுக்கு நேராகக் கைமாறிக் கைமாறிப் போயிற்று. மோதிர விரல் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. அப்படியே வேலை பார்த்திருந்தால் கோணலாகச் சேர்ந்து, ஆயுசுக்கும் மடக்க முடியாமல் போயிருக்கும் என்றாராம் டாக்டர். இப்போது ஆறு வாரம் லீவு. பாப்பம்மாள் படத்தை நேராகப் பிடித்து, தலைகீழாகப் பிடித்து, நெடுநேரம் பார்த்தாள். பிறகு கன்னியம்மா வீட்டுக்குச் சசிகலாவிடம் எட்டு இட்லி கொடுத்தனுப்பினாள். அதோடு விட்டாளா? குழாயடியில் குடத்தோடு நின்ற அத்தனை பேரிடமும் சொன்னாள்:

"டாக்டருக்கு எக்ஸ்ரே வேணும். எங்க கன்னிமாவுக்குப் பார்த்தாலே போதும்."

மறுநாள் காலை கேட்டில் இன்னும் முந்நூற்று அறுபத்து நான்கே தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி மாட்ட யாருக்கும் கை வரவில்லை. செக்யூரிட்டி, அது தன் வேலை இல்லை என்றார். லோகேஷ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னியம்மா செக்யூரிட்டியின் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். குக்கர் போன கோபத்தில் நேற்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட சசிகலா, ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டாள். மூன்று தகடுகளும் கீழே வந்தன. கன்னியம்மா பூஜ்யத்தைப் புறங்கையால் துடைத்து மாட்டினாள். கையில் பட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"எறங்குங்கக்கா, ஷிஃப்ட் டைம் ஆச்சு," என்றான் லோகேஷ்.

"இருங்க சார்," என்றாள் அவள், தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே. "கொஞ்சம் கோணலா கீது."